பியானோ கட்டைக்குப் புது மேல்தகடு: விளிம்பை எதைக் கொண்டு மழுக்குவது?

கோவை போத்தனூர் ரயில்வே காலனியில் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அந்த வீடுகளில் இருந்த பழைய பியானோக்களில் ஒன்று, இரண்டு கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே கம்பியும் சுத்தியலும் நன்றாகவே இருந்தன. வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடுதான் கெட்டுப்போயிருந்தது. சிலது பெயர்ந்து மரம் தெரிந்தது, சிலது ஓரம் உடைந்திருந்தது, மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மகள் பயிற்சி முடித்து எழுந்து வந்தால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். அதைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

புதுத் தகடு ஒட்டுவது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அதன் விளிம்பை மரத்தோடு மட்டமாக்கி, பிசிறு எடுத்து, விரலுக்கு இதமாக்குவதுதான் இரண்டு மாதம் இழுத்தது. அரம், ரூட்டர் (சுழலும் பிட்டால் மரம் சீவும் மின்கருவி), பஃபிங் சக்கரம் (மெருகேற்றும் துணிச் சக்கரம்), தீ என்று ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எங்கள் மாமா ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பதால் எல்லாவற்றையும் சின்ன அளவில் முயன்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. இதே வேலையை எடுக்கப்போகிறவர்கள் எந்த வழியில் போகலாம், எதில் போகக் கூடாது என்று நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆர்மோனியத்தை வைத்து "ஒரு கட்டை, ரெண்டு கட்டை" என்று சுருதி சொல்கிறோமே, அந்தக் கட்டைதான் இங்கும். பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக மொத்தம் 88. கறுப்புக் கட்டை முழு அச்சாக வார்த்து வருவதால் அதில் நமக்குப் பெரிய வேலை கிடையாது. வெள்ளைக் கட்டை அப்படியல்ல. நீளமான மரச்சட்டத்தின் முன்பகுதியில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தகட்டைப் பற்றித்தான்.

பழையதைக் கழற்றும் முன் அது என்ன பொருள் என்று பார்த்துவிடுங்கள். முன்பகுதி அகலமாக ஒரு துண்டு, பின்பகுதி ஒடுக்கமாக இன்னொரு துண்டு, நடுவே மயிரிழை போல ஒரு இணைப்புக்கோடு, மேற்பரப்பில் சீரில்லாத ரேகைகள் என்று இருந்தால் அது பெரும்பாலும் யானைத் தந்தம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தை இந்தியாவில் முழுக்கத் தடை செய்திருக்கின்றன. ஆகவே கழற்றி விற்கலாம் என்றோ, உடைந்த இடத்துக்கு வேறு தந்தம் வாங்கலாம் என்றோ நினைக்கவே வேண்டாம். ஆனைமலைக் காட்டு யானைகளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தத் தடையின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தந்தம் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, ஆட்டம் கண்ட தகடுகளை மட்டும் திரும்ப ஒட்டிக்கொள்வதே மேல்.

ஒரே துண்டாக இருந்து, துணியால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. 1870இல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் காப்புரிமை பெற்ற பொருள் இது. கற்பூரம் அதில் உண்மையிலேயே சேர்கிறது. கற்பூரம் போலவே தீயும் சட்டெனப் பிடிக்கும். இஸ்திரிப்பெட்டி வைத்துச் சூடாக்கிக் கழற்றுவது, பஃபிங் சக்கரத்தில் காட்டுவது, தேய்த்த தூளைக் குவித்து வைப்பது, இவை மூன்றும் செல்லுலாய்டுக்கு ஆகவே ஆகாது. எங்களுடையது செல்லுலாய்டுதான். மெல்லிய பட்டி பிளேடை அடியில் விட்டு, ஒவ்வொன்றாக நெம்பித்தான் எடுத்தோம்.

சரி, புதுத் தகட்டுக்கு வருவோம்.

அச்சுத் தகடா, வெட்டிய ஷீட்டா?

முடிக்கும் வேலை எவ்வளவு இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது தகடுதான். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் அச்சில் வார்த்த தகடுகள் 52 சேர்ந்த செட்டாக வரும். பெரும்பாலும் அக்ரிலிக், சிலது ஏபிஎஸ் பிளாஸ்டிக். பருமன் பொதுவாக 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மேற்பரப்பு பளபளவென்று தயாராகவே வருகிறது. முன் உதடும், அதாவது விரல் பக்கத்து முன்விளிம்பும், வளைவோடு வரும். கறுப்புக் கட்டை உட்காரும் பள்ளமும் சி, டி, ஈ என்று அந்தந்தக் கட்டைக்கு ஏற்ப இருக்கும். வலது கோடியில் இருக்கும் கடைசி சி மட்டும் பள்ளமே இல்லாத முழுச் செவ்வகம். பக்கவாட்டில் வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக வார்த்திருப்பார்கள், ஒட்டிய பிறகு மரத்தோடு மட்டமாக அராவிக்கொள்வதற்காக.

இன்னொரு வழி, பெயர்ப்பலகை செய்யும் கடையில் 2 மில்லிமீட்டர் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டை லேசரில் வெட்டிக்கொள்வது. கோவையில் இது ஒரு நாள் வேலை, செலவும் குறைவு. பழைய பியானோவின் பள்ளம் அச்சுத் தகட்டோடு ஒத்துப்போகாதபோது நம் அளவுக்கே வெட்டிக்கொள்ளலாம் என்ற நன்மையும் உண்டு. ஆனால் முன் உதட்டின் வளைவு முழுவதையும் நாமே கையால் கொண்டுவர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வெளியே தெரியாதது. லேசர் வெட்டிய ஓரம் கண்ணாடி போல இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் உருகி இறுகியதால் ஓரத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அப்புறம் ஸ்பிரிட்டோ தின்னரோ அதன்மேல் பட்டால் சிலந்தி வலை போல நுண்விரிசல் ஓடும். நான் சோதனைக்கு வெட்டிய ஆறு துண்டில் இரண்டு, பசையைத் துடைக்க ஸ்பிரிட் போட்டதும் என் கண் முன்னாலேயே விரிந்தன. லேசர் ஓரத்தை அப்படியே விடாமல் அரை மில்லிமீட்டராவது சுரண்டி எடுத்துவிட்டால் இந்தப் பயம் பெருமளவு குறையும். ஆனால் அப்படிச் சுரண்டத்தான் வேண்டும் என்றால் லேசர் தந்த பளபளப்பால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

ஆக 52 கட்டைக்கும் புதுசு போடுகிறவர் அச்சுத் தகட்டையே வாங்கட்டும். நான்கைந்து கட்டைக்கு மட்டும் தேவைப்படுகிறவர் ஷீட்டை வெட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய தந்தமோ செல்லுலாய்டோ சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும். அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தகட்டை ஒட்டினால் வெள்ளைக் கட்டை அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். கறுப்புக் கட்டை வெள்ளைக்கு மேல் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் எழுந்து நிற்க வேண்டும், வெள்ளைக் கட்டை அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல இறங்க வேண்டும். இந்த அளவுகளோடு விளையாட முடியாது. பருமன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மரத்தை மேலிருந்து சீவியே ஆக வேண்டும். இதை மட்டும் நான் கையால் செய்யவில்லை. மாமா ஒரு தாங்கு சட்டம் செய்து, ரூட்டரை அதன்மேல் ஓட்டி, எல்லாக் கட்டையையும் ஒரே மட்டத்துக்குச் சீவிக் கொடுத்தார். இழைப்புளியால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 52 கட்டையும் ஒரே உயரத்தில் வருவதற்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

பதினேழு மீட்டர் விளிம்பு

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்குப் போட்டேன், அது பிற்பாடு மிகவும் உதவியது. ஒரு தகட்டின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர், முன்னால் இரண்டேகால் சென்டிமீட்டர், பள்ளத்தின் தோள் கொஞ்சம். கூட்டினால் 33 சென்டிமீட்டர். 52ஆல் பெருக்கினால் 17 மீட்டர் விளிம்பு. இவ்வளவையும் ஒரே தரத்தில் மெருகேற்ற நினைத்தால் கை ஓய்ந்துவிடும்.

ஆனால் விரல் அடிக்கடி படுவது முன்பக்கத் தலைப்பகுதியில்தான், அது 5 சென்டிமீட்டர் நீளம். இரு பக்கமும் முன் உதடும் சேர்ந்தால் ஒரு கட்டைக்கு 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மொத்தத்துக்கும் ஆறரை மீட்டர் கூட வராது. கறுப்புக் கட்டைகளுக்கு இடையே போகும் வால்பகுதியில் பிசிறு மட்டும் போனால் போதும், பளபளப்பு அங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஆறரை மீட்டருக்கு நேரத்தைக் கொட்டுங்கள். எந்தக் கருவி என்ற கேள்விக்கும் விடை பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

மேற்பரப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சுத் தகட்டின் மேற்பரப்பில் கீறல் விழாத வரை கை வைக்கவே கூடாது. அச்சிலிருந்து வந்த அந்த மினுக்கத்தை நாம் கையால் திரும்பக் கொண்டுவருவது கடினம். ஒட்டியதும் மேலே மாஸ்கிங் டேப் போட்டு மூடிவிட்டு விளிம்பு வேலையைத் தொடங்குங்கள்.

மட்டமாக்குவது: அரம், ரூட்டர், பெல்ட் சாண்டர், ஆக்ஸா பிளேடு

பசை காய ஒரு முழு நாள் கொடுத்த பிறகே விளிம்பில் கை வைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பசை அரத்தின் பல்லில் ஏறிக்கொண்டால் அடுத்த பத்து இழுப்பும் வெட்டாது, கீறத்தான் செய்யும்.

ரூட்டரில், தாங்குருளை வைத்த டிரிம்மர் பிட்டைப் போட்டால் ஒரு கட்டைக்கு மூன்று நான்கு நிமிடம்தான். உருளை மரத்தின் பக்கத்தில் உருண்டு போக, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை பிட் சீவிவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் மரம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வெட்டு வரும். பல பத்தாண்டு ஓடிய கட்டையின் பக்கம் நேராக இருப்பதில்லை. பழைய பசைத் துளி ஒன்று காய்ந்திருந்தால் உருளை அதன்மேல் ஏறி இறங்கும், அந்த மேடு பிளாஸ்டிக்கில் அப்படியே பதியும். அக்ரிலிக் நொறுங்கும் குணமுள்ளது என்பதால் பிட் உள்ளே நுழையும் முனையில் சில்லு தெறிக்கவும் செய்யும். பள்ளத்தின் உள்மூலைக்கு வட்டமான பிட் போகாது, அங்கே எப்படியும் அரம்தான். வருடத்துக்குப் பத்துப் பியானோ செய்கிறவருக்கு ரூட்டரும் அதற்கான பிடிசட்டமும் கட்டாயம் லாபம். ஒரு பியானோவுக்கு, அந்தச் சட்டம் செய்யும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையிலேயே பாதிக் கட்டையை அராவி முடித்துவிடலாம்.

உப்புத்தாள் பட்டை ஓடித் தேய்க்கும் பெல்ட் சாண்டரை நான் ஒரே ஒரு கழிவுக் கட்டையில் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். பிளாஸ்டிக்கோடு மரத்தையும் தின்கிறது. மரம் குறைந்தால் பக்கத்துக் கட்டையோடு இருக்கும் இடைவெளி அகலமாகிவிடும், அதைத் திரும்ப நிரப்ப வழி கிடையாது.

அரம் மெதுவானது. ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குறுக்கு வெட்டு இல்லாத ஒற்றைப் பல் வரிசை அரம், எட்டோ பத்தோ அங்குலம், அதையே வாங்குங்கள். இரட்டை வெட்டு அரம் ஆழமான கோடு போடும். கட்டையை வைஸில் இரு பக்கமும் அட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக்கிலிருந்து மரத்தை நோக்கிக் கீழ்முகமாகச் சாய்வாகத் தள்ள வேண்டும். மேல்முகமாக இழுத்தால் தகடு பெயரப் பார்க்கும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் பிளாஸ்டிக் தூள் பல்லில் அடைக்காது. இது பட்டறைகளில் எப்போதும் செய்வதுதான், மாமா சொல்லிக் கொடுத்தார். பள்ளத்துக்கு ஒரு ஓரத்தில் பல்லே இல்லாத அரம் வேண்டும். அந்த மொட்டை ஓரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தை மட்டும் அராவலாம், மூலை குழியாது. அப்படி ஒன்று இல்லையென்றால் சாதாரண அரத்தின் ஓரத்தை கிரைண்டரில் வைத்து மழுக்கிக்கொள்ளலாம்.

இந்த நான்கில் நான் மனமார விரும்புவது ஆக்ஸா பிளேடை. இரும்பு அறுக்கும் அதே பிளேடுதான். பல் இல்லாத முதுகுப் பக்கத்தை கிரைண்டரில் காட்டிச் சதுரமாக்கி, அதன் கூர்மூலையை விளிம்பின் மேல் கிட்டத்தட்டச் செங்குத்தாக வைத்து நீளவாக்கில் இழுத்தால் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். தேங்காய்ப்பூ போலக்கூட அல்ல, அதைவிட மெல்லிசாக. அரம் போட்ட கோடுகள் பத்துப் பதினைந்து இழுப்பில் காணாமல் போகும். சூடு இல்லை, தண்ணீர் இல்லை, தூசி பறப்பதில்லை. பெயர்ப்பலகைக்காரர்கள் அக்ரிலிக் ஓரத்தை இப்படித்தான் சுரண்டுகிறார்கள். விலை இரண்டு டீக்கு மேல் போகாது. 220, 320 நம்பர் சொரசொரப்பான உப்புத்தாள்களை எல்லாம் தாண்டி நேராக 600இல் தொடங்க முடிந்தது இந்தப் பிளேடால்தான்.

விளிம்பின் மேல்முனையை அதே பிளேடால் மழுக்கிவிட வேண்டும். 45 டிகிரி சாய்த்து மூன்று இழுப்பு, அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்த்து இரண்டு இழுப்பு. அரை மில்லிமீட்டர் உருண்டால் போதும். அதற்குமேல் போனால் கட்டைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டியது போலத் தெரியும். அதற்குக் குறைந்தால், கட்டைகளின் மேல் விரலைச் சரசரவென்று இழுத்து வாசிக்கும்போது தோல் கிழியும்.

பிசிறு போய்விட்டதா என்று பார்க்கக் கண் போதாது, விரலும் சீக்கிரம் மரத்துவிடும். எங்கள் அம்மிச்சி கொடுத்த யோசனை இது: ஒரு விரல்கடை பஞ்சை எடுத்து விளிம்பில் லேசாக இழுத்துப் பார்த்தால், பிசிறு இருக்கும் இடத்தில் ஒரு நூலாவது மாட்டிக்கொண்டு நிற்கும். ஒருகாலத்தில் மில்லுக்குப் போனவர் அவர். பஞ்சு எங்கே மாட்டும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? 52 கட்டைக்கும் இந்தச் சோதனையைச் செய்தோம். சரியாகிவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்ததில் 11 கட்டையில் பஞ்சு மாட்டியது.

மெருகு: வாட்டர் பேப்பர், பஃபிங், தீ

இந்த இடத்தில்தான் கோவைக்காரர்களுக்குச் சபலம் வரும். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் பஃபிங் சக்கரத்துக்கா பஞ்சம்? நானும் நான்கு தகடுகளை எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் மெருகு போடும் ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். விளிம்பெல்லாம் கண்ணாடியாக மின்னியது, ஆனால் முன் உதட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. சக்கரத்தில் ஏற்கெனவே ஏறியிருந்த உலோகக் கறுப்பு, சூட்டில் இளகிய பிளாஸ்டிக்குக்குள் புகுந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஒரு தகட்டின் மூலை உருகி வழிந்துமிருந்தது. நான்கையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கண்ணு, டம்ளருக்குப் போட்ட சக்கரத்துல இதைக் காட்டக் கூடாது. சக்கரம் புதுசா இருக்கோணும், ஓட்டமும் பாதியா இருக்கோணும்" என்றார்.

ஓட்டம் பாதி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பஃபிங் மெஷின்களில் பொதுவாக இரண்டு துருவ (pole) மோட்டார் இருக்கும், நிமிடத்துக்கு 2,800 சுற்று. ஆறு அங்குலச் சக்கரம் அந்த வேகத்தில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு துருவ மோட்டாரானால் 1,440 சுற்று, நொடிக்கு 11 மீட்டர் சொச்சம். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எஃகுக்குப் பொருட்டே இல்லாத சூடு அது. மாமா பட்டறையில் 1,440 மோட்டாரில் புதுத் துணிச் சக்கரம் மாட்டி, வெள்ளைச் சோப்பு எனப்படும் மெருகுக் கட்டியைப் போட்டு, தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தோம். நன்றாகவே வந்தது. ஒரே இடத்தில் மூன்று நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. சக்கரத்தின் கீழ்ப்பாதியில், முனையைக் கீழ்நோக்கிச் சாய்த்தே காட்ட வேண்டும். மேல்பாதியில் காட்டினால் கட்டையைப் பிடுங்கி வீசிவிடும். பட்டறையும் பழகிய கையும் பக்கத்தில் இருக்கிறவருக்கு இது நல்ல வழிதான்.

தீ வைத்து மெருகேற்றுவதைப் பெயர்ப்பலகைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சன்னமான ஜுவாலையை ஓரத்தில் ஒரே வீச்சில் ஓட்டினால் மேல்பூச்சு உருகிப் பளிச்சென்று ஆகிவிடும். பலகைக்கு அது பொருத்தம். பியானோவுக்கு வேண்டாம். அடியில் பசையும் மரமும் இருக்கின்றன, பசை இளகும். லேசரில் சொன்ன அதே உள்ளிறுக்கமும் வந்துவிடும். கரைப்பான் ஆவியில் காட்டி மெருகேற்றும் முறை ஒன்றும் இருக்கிறது. அந்த ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மிச்சம் கைவேலை. வாட்டர் பேப்பர் 600, 1000, 1500, 2000. காய்ந்த பேப்பரால் தேய்த்தால் சூடேறிப் பிளாஸ்டிக் தூள் பேப்பரிலேயே ஒட்டிக்கொள்ளும், அந்த உருண்டை புதுக் கீறல் போடும். அதனால் ஈரம் வேண்டும். ஆனால் கட்டை மரமாயிற்றே, தண்ணீர் குடித்தால் உப்பும். பேப்பரை நனைத்துப் பிழிந்து, ஒரு தட்டை ரப்பரில் சுற்றி, மரத்தின் மேல் டேப் ஒட்டி, பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய நம்பரின் கோடு முழுக்கப் போன பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். 600இன் கோட்டை 2000 அழிக்காது, அதற்கு மினுக்கம் கொடுத்து இன்னும் நன்றாகத் தெரிய வைக்கும்.

கடைசியில் மெருகுப் பசை. காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டு போதும், ஆனால் அதில் தின்னர் வாடை அடித்தால் வாங்காதீர்கள். வெட்டி எறிந்த துண்டில் முதலில் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தேய்க்கும் துணிக்கு நமக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். வெள்ளைப் பருத்தியாகப் பார்த்து, தையல் விளிம்பு, எலாஸ்டிக், அச்சடித்த பகுதி எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு உபயோகியுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி நுண்கீறல் போடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வித்தியாசம் தெரிகிறது.

கையால் செய்ததில் ஒரு கட்டைக்கு அராவுவதிலிருந்து துணி போடுவது வரை 25 நிமிடம். மொத்தம் 22 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரவு சாப்பாட்டுக்குப் பின் இரண்டு இரண்டாக, மாதம் ஒன்று ஓடிவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சுச் சோதனை செய்வாள்.

எவ்வளவு மினுக்கம் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. மாமா பட்டறையில் பஃபிங் செய்த நான்கையும், கையால் 2000 வரை தேய்த்து லேசாகத் துணி மட்டும் போட்ட நான்கையும் நடு ஸ்தாயியில் அடுத்தடுத்து மாட்டி, எது எது என்று சொல்லாமல் மகளின் பியானோ டீச்சரை வாசிக்கச் சொன்னேன். ஏப்ரல் மாதம், மின்விசிறி ஓடியும் கை வேர்க்கிற நாள். வாசித்து முடித்து, பஃபிங் செய்தவற்றைத் தொட்டு, "இதெல்லாம் ஓரத்துல விரல் வழுக்குதுங்க, மத்தது நிக்குதுங்க" என்றார். தந்தம் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் பழைய வாசிப்பாளர்கள் அதை விரும்பினார்கள். யமஹா நிறுவனம் ஈரம் உறிஞ்சும் ஐவரைட் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கியதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். நம் சாதாரண அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் கிடையாது. ஆகவே விளிம்பில் பட்டுப் போன்ற மங்கலான மெருகுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கண்ணாடி மாதிரி வேண்டாம்.

யாருக்கு எது?

வீட்டில் ஒரு அப்ரைட் பியானோ, நேரம் இருக்கிறது, கைவேலையில் பிரியம் இருக்கிறது என்றால் அச்சுத் தகடு, ஒற்றைவரி அரம், ஆக்ஸா பிளேடு, வாட்டர் பேப்பர், பனியன் துணி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரம் சீவுவதை மட்டும் ரூட்டர் உள்ள பட்டறையில் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயத்துக்கோ சொந்தமான பியானோவாக இருந்து, லீவு முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்றால், ரூட்டரில் மட்டமாக்கி, பிளேடால் முனை மழுக்கி, மெதுவான சக்கரத்தில் பஃபிங் செய்துவிடலாம். நேரம் கால்வாசியாகும். பிளேடை மட்டும் விட்டுவிடாதீர்கள்; ரூட்டர் விட்ட அலையின் மேலேயே சக்கரத்தைக் காட்டினால் அந்த அலை மின்னிக்கொண்டு நிற்கும்.

கிராண்ட் பியானோ, அல்லது தந்தக் கட்டை, அல்லது மேல்நிலை இசைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளையின் பியானோ என்றால் சென்னையிலோ பெங்களூரிலோ அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் போவதே நல்லது. அனுப்பும்போது ஒவ்வொரு கட்டையிலும் 1 முதல் 88 வரை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால் பென்சிலால் எழுதி, பத்துப் பத்தாகச் செய்தித்தாளில் சுற்றி அனுப்புங்கள். பஸ் பார்சலில் ஒன்றோடொன்று உரசி வந்தால் புது விளிம்பெல்லாம் வீண்.

எந்த வழியானாலும் இடது கோடிக் கட்டைகளில் ஆரம்பியுங்கள். அந்தக் கனத்த ஸ்வரங்களைப் பிள்ளைகள் அதிகம் தொடுவதில்லை. நம் கை பழகும்வரை வரும் தப்புகள் அங்கேயே அடங்கிவிடும். நடுவில் இருக்கும் இரண்டு ஸ்தாயியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைகளைத் திரும்ப அடுக்கும்போது இடைவெளியைப் பாருங்கள். மூன்று விசிட்டிங் கார்டை அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அது இரண்டு கட்டைக்கு நடுவே தடங்கலில்லாமல் போய்வர வேண்டும். எஞ்சின் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியம். நான் இந்த வேலையைச் செய்தது பங்குனி, சித்திரையில். மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருக்கும் நேரம். அப்போது இறுக்கமாக வைத்த இரண்டு கட்டைகள், ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அழுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கின. எடுத்து, பிளேடால் நான்கு இழுப்பு இழுத்துத் திரும்ப 1000, 2000 போட்டேன், சரியாகிவிட்டது. கோடையில் செய்கிறவர்கள் கொஞ்சம் தாராளமாகவே இடம் விடுங்கள்.

துடைப்பதற்கு வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி. ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் மூன்றும் கட்டையின் பக்கம் வரக் கூடாது. கைக்குப் போடும் சானிடைசரும் ஸ்பிரிட்தான். டீச்சர் வரும் நாளில் மகள் அதைத் தடவிக்கொண்டு ஈரக் கையோடு உட்காரப் போவாள். இப்போது பியானோ மேல் ஒரு சின்னத் துண்டு வைத்திருக்கிறோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதில் துடைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்கிறாள்.